கலர் அடிச்சாச்சு, காரியம் ஆச்சாலே?

ஏலே பேராண்டி, காலையில இருந்து மடிக்கணினியில கட்டம் கட்டமா வரைஞ்சு தள்ளுதியே, என்னலே அது? சாப்ட்வேருக்கு மாடலா? சரி, வரை. சாப்ட்வேரு என்ன செய்யணும்னு அதுல ஒரு தேவைப் பட்டியல் வச்சிருக்கியே, அதுக்கு எதுக்குலே இத்தன கலரு? நிலைக்கு ஒண்ணு, முன்னுரிமைக்கு ஒண்ணு. மதியச் சோத்துக்குள்ள அத்தனைக்கும் ‘அப்ரூவ்டு’ன்னு போட்டுட்ட. அப்ரூவ் பண்ணது யாரு? நீயேவா? பலே!

உள்ள என்ன எழுதியிருக்கன்னு எட்டிப் பாத்தேன். ‘வேகமா இருக்கணும்.’ எத்தன நொடியில? ‘பயன்படுத்த லேசா இருக்கணும்.’ யாருக்கு? கல்யாணத் தரகர்ட்டப் போயி ‘நல்ல மாப்பிள்ளையாப் பாருங்க’ன்னு சொல்லிட்டு வந்தவன் கதையால்ல இருக்கு! நாளைக்குச் சோதிக்கப் போறவன் எத வச்சுலே ‘பாஸ்’னு சொல்லுவான்?

இன்னொரு கூத்து. நீ வரையுற எண்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்ட் மென்பொருள்ல தேவைய ஒரு கட்டத்துக்குள்ளயே எழுதி வைக்கலாம். இல்லன்னா தனி உருப்படியா வெளிய வச்சுக் கோடு இழுக்கலாம். உள்ள எழுதினா அது அந்தக் கட்டத்துக்கு மட்டும் சொந்தம். நீ என்ன செஞ்ச? மூணு கட்டத்துக்கும் பொதுவான தேவைய மூணுக்குள்ளயும் எழுதிட்ட. ஒண்ணுல திருத்துவ, மத்த ரெண்டையும் மறப்ப. வெளிய எடுத்து வையிலே. ஒரு எடத்துல திருத்தினா போதும்.

2007-ல சிஸ்எம்எல்னு ஒரு வரைமொழி வந்துச்சே, அதுல தேவைக்குன்னு கேட்டதே ரெண்டுதான்: ஒரு எண்ணு, ஒரு வாசகம். மிச்சமெல்லாம் கோடு. எந்தப் பாகம் இத நிறைவேத்துது, எந்தச் சோதனை இத மெய்ப்பிக்குது, அதுக்குத்தான் கோடு. உன் படத்துல கலர் இருக்கு, கோட்டத்தான் காணும்!

‘அதான் எழுதியாச்சே தாத்தா’ங்கியா? நாசாக்காரனும்தான் எழுதி வச்சிருந்தான். மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர்னு செவ்வாய்க்கு ஒண்ண அனுப்பினான். உந்துவிசைக் கணக்க நியூட்டன்-நொடியில தரணும்னு ஆவணத்துல தெளிவா இருந்துச்சு. தரையில ஓடுன மென்பொருளு பவுண்டு-நொடியில குடுத்துச்சு. கிட்டத்தட்ட நாலரை மடங்கு பிசகு. செவ்வாய்க்கு மேல 226 கிலோமீட்டர் ஒசரத்துல போகணும்னு நெனச்சது, 57 கிலோமீட்டருக்கு எறங்கிப் போயிருச்சு. 1999 செப்டம்பர் 23-ம் தேதியோட சரி, அதுட்ட இருந்து ஒரு சத்தமும் இல்ல. வாசகத்துல என்னலே குத்தம்? அந்த நிரல அந்த வாசகத்தோட ஒப்பிட்டு முழுசாச் சோதிச்சுப் பாக்கல. அம்புட்டுதான்.

கலர் பெட்டிய மூடு. ரிலேஷன்ஷிப் மேட்ரிக்ஸ்னு ஒண்ணு உன் மென்பொருள்லயே கெடக்கு, தொற. எந்தத் தேவைக்குச் சோதனை இல்லன்னு பாரு. ஒவ்வொண்ணா மேனேஜர்ட்ட காட்டி, ‘இது யார் கேட்டது?’ன்னு கேளு. ஒருத்தரும் கேக்கலையா? அழிச்சிட்டுச் சாப்பிட வாலே.