'அண்ட்' என்னும் இடைச்சொல்லின் குடித்தன நிலை: ஓர் ஆய்வு

ஆங்கிலத்தில் 'அண்ட்' மூன்றெழுத்துச் சொல். அதற்குப் பொருள் தேடி அகராதியைப் புரட்டுபவர் எவருமில்லை. ஆனால் அந்தப் பொருளைத் தீர்மானிக்க அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் உட்கார வேண்டியிருந்தது. 2024 மார்ச்சில் தீர்ப்பான பல்சிஃபர் வழக்கு அது. போதைப்பொருள் விற்றதற்காகக் குறைந்தது 15 ஆண்டுச் சிறை என்ற நிலையில் இருந்தவர், 2018-இல் தளர்த்தப்பட்ட ஒரு சட்டச் சலுகையைக் கேட்டார். பழைய குற்றக் கணக்கில் நான்கு புள்ளிக்கு மேல், மூன்று புள்ளிக் குற்றம், 'அண்ட்', இரண்டு புள்ளி வன்முறைக் குற்றம் ஆகியவை இல்லாதவருக்கே சலுகை. 'மூன்றாவது என்னிடம் இல்லை; மூன்றும் சேர்ந்திருந்தால்தானே தடை?' என்பது அவர் வாதம். 'ஒன்று இருந்தாலே தடைதான்' என்றது அரசு. ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் அரசு வென்றது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய எலினா கேகன், பசிகொண்ட கம்பளிப்புழு பற்றிய புகழ்பெற்ற குழந்தைக் கதையையும் துணைக்கு அழைத்தார். நீல் கோர்சச் மாறுபட்ட தீர்ப்பு எழுதினார்.

இருதரப்பும் ஆங்கிலம் அறிந்தவர்களே. ஆகவே கோளாறு சொல்லில்தான் இருக்க வேண்டும். 'அண்ட்' இரு வகைப்படும் என்பது இக்கட்டுரையின் துணிபு: கூட்டுக்குடும்ப அண்ட், தனிக்குடித்தன அண்ட். 'குடித்துவிட்டு வண்டி ஓட்டாதே' என்பதற்கு ஆங்கிலத்தில் 'டோன்ட் டிரிங்க் அண்ட் டிரைவ்' என்பார்கள். இது கூட்டுக்குடும்பம். குடித்துவிட்டு வீட்டில் படுத்திருப்பவரையும், குடிக்காமல் வண்டி ஓட்டுபவரையும் போக்குவரத்துப் போலீஸ் மடக்குவதில்லை. அறுவைச் சிகிச்சைக்கு முன்பு உணவும் தண்ணீரும் கூடாது என்றால் அது தனிக்குடித்தனம். சாப்பிடவில்லை, ஒரு சொம்பு தண்ணீர் மட்டும் குடித்தேன் என்று சொல்லி மயக்க மருந்து டாக்டரிடம் தப்ப முடியாது. இட்லியும் வடையும் இருக்கிறது என்னும்போது இரண்டும் ஒரே வீட்டில் ஒற்றுமையாக வாழ்கின்றன. எதிர்மறை வாசற்படி ஏறிய பிறகுதான் பாகப்பிரிவினை தொடங்குகிறது.

இதையெல்லாம் தர்க்கவியல் எப்போதோ தீர்த்துவிட்டது என்பார்கள் சிலர். 1806-இல் நம் மதுரையில் பிறந்த அகஸ்டஸ் டி மார்கன் பெயரால் வழங்கும் விதிப்படி, 'இரண்டும் சேர்ந்து இல்லை' என்றால் ஒன்றாவது இல்லை என்று பொருள். 'இதுவும் இல்லை அதுவும் இல்லை' என்பது வேறு. விதி சரியே. ஆனால் எதிர்மறை அடைப்புக்குறிக்கு வெளியே நிற்கிறதா உள்ளே நிற்கிறதா என்று தெரிந்த பிறகுதான் விதி வேலை செய்யும். பேசும் வாய்க்கு ஏது அடைப்புக்குறி? தமிழுக்கு இந்தத் தொல்லை இல்லை என்று பெருமைப்படவும் வழியில்லை. தொல்காப்பியர் 'உம்' என்ற இடைச்சொல்லுக்கு எட்டுப் பொருள் வகுத்தார். எண்ணுதல் அவற்றுள் ஒன்று. எண்ணியவை எந்தக் குடித்தனம் என்பதை அந்த 'உம்' காட்டிக்கொடுப்பதில்லை. மீனும் தயிரும் ஆகாது என்று பாட்டி சொன்னால், மத்தியானம் மீன், ராத்திரி தயிர் என்று நாம் சமாளித்துக்கொள்கிறோம். கறியும் மீனும் ஆகாது என்று விரதக்காரர் சொன்னால் அப்படிச் சமாளிப்பதில்லை. இரண்டும் ஒரே வாக்கிய அமைப்பு. பொருளைப் பிரித்துத் தருவது சமையலறை அறிவே.

அப்படியானால் 'அண்ட்' இருந்த இடத்தில் 'ஆர்' போட்டால் தீராதா என்பது கடைசி ஆட்சேபம். தீரும், எதிர்மறை உள்ள வரை. அது விலகினால் 'காபி ஆர் டீ' என்பதில் இரண்டையும் கேட்கலாமா என்ற புதுவழக்கு கிளம்பும். இரண்டையும் ஒட்டவைத்த 'அண்ட்/ஆர்' என்ற கலப்பினத்தை 1935-இலேயே விஸ்கான்சின் உச்ச நீதிமன்றம் இரட்டை முக அரக்கன் என்ற பொருளில் திட்டித் தீர்த்தது. எனவே சொல்லை மாற்றுவதில் பயனில்லை. கேட்பவரின் உலக அறிவை நம்பி அன்றாடப் பேச்சில் 'அண்ட்' பிழைத்துக்கொள்கிறது. குற்றப் புள்ளிகளைப் பற்றி யாருக்கும் அப்படிப்பட்ட பாட்டி அறிவு கிடையாது. சட்டத்தில் அது தடுக்கி விழுவது அதனால்தான். 'இவற்றுள் எதுவும்' என்றோ 'இவை மூன்றும் சேர்ந்து' என்றோ எழுதுவதற்கு மை அதிகம் செலவாகாது. அதுவரை, இல்லை என்று தொடங்கி 'அண்ட்' போட்டு முடியும் எந்தப் பத்திரத்திலும் கையெழுத்திடுமுன், அது எந்தக் குடித்தனம் என்று எழுத்துமூலம் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.