பொளிக்கும், சாரே!

மட்டாஞ்சேரி மெக்கானிக் ஆசான் என் மாருதி ஜென்னின் பானெட்டைப் படாரென்று மூடிவிட்டு, "பொளிக்கும், சாரே" என்றார். மலையாளத்தில் அந்தச் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. கல்லூரிப் பையன் சொன்னால் ‘அமர்க்களப்படும்’. காயலான் கடைக்காரர் சொன்னால் ‘பிரித்து எடைக்குப் போட்டுவிடலாம்’. ஆசானுக்கு வயது ஐம்பத்தெட்டு. எந்தப் பொருளில் சொன்னார் என்று கேட்கப் பயந்துகொண்டு பணத்தை எண்ணிக் கொடுத்தேன்.

வண்டி 1999 மாடல். 993 சி.சி. பிறந்தபோது ஐம்பது குதிரை சக்தி. இத்தனை ஆண்டில் அந்த லாயத்தில் எத்தனை குதிரை மிச்சமிருந்ததோ தெரியாது. அதற்கு அலாய் வீல் போட்டேன், ஸ்பிரிங்கைக் குட்டையாக்கி வண்டியைத் தாழ்த்தினேன், கூம்பு மாதிரி ஒரு ஏர் ஃபில்டர், பின்னால் ஸ்பாய்லர், சொம்பு நுழையும் அளவுக்கு வாய் அகன்ற சைலன்சர். மொத்தம் 62,000 ரூபாய். வீட்டில் சொன்னது 9,000. தாழ்த்திய வண்டி எங்கள் கொச்சி கலூர்ச் சந்துகளில் ஒவ்வொரு ஹம்ப்பிலும் வயிற்றைத் தேய்த்துக்கொண்டது. அதனால் ஹம்ப் வரும்போதெல்லாம் என் மனைவி இறங்கி, நடந்து அந்தப் பக்கம் போய் மறுபடி ஏறிக்கொள்வாள். தெருவே வேடிக்கை பார்க்கும்.

ஆசைக்குக் காரணம் அஜித் குமார். 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அவர் அணி தன் பிரிவில் மூன்றாவதாக வந்து, அவர் மூவர்ணக் கொடியோடு நின்றதைப் பார்த்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அவருக்கும் ஐம்பது தாண்டிவிட்டது, எனக்கும் தாண்டிவிட்டது. மற்ற ஒற்றுமைகளை நான் தேடிப் பார்க்கவில்லை.

கொச்சியிலிருந்து பக்கத்தில் உள்ள ரேஸ் டிராக் கோயம்புத்தூர் செட்டிபாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வே. கரிவர்தன் பெயரில் அமைந்தது. மாருதி என்ஜினை வைத்தே பந்தயக் கார் கட்டிய மனிதர். 1995இல் விமான விபத்தில் இறந்துபோனார். மாருதி என்ஜினுக்குக் கோயில் மாதிரியான இடம் என்று வீட்டில் எடுத்துச் சொன்னேன். அங்கே அர்ச்சனைச் சீட்டு எவ்வளவு என்று கேட்டாள். பேச்சை மாற்றினேன்.

போகும் வழியில்தான் சிக்கல். வண்டியைத் தயாரிப்பாளர் கொடுத்தபடியே வைத்திருக்க வேண்டும் என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த வழக்கே கேரளத்திலிருந்து போனதுதான். சட்டப்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம். என் வண்டியில் ஐந்து மாற்றம், 25,000 ரூபாய். வண்டியை விற்றால்கூட அதற்குமேல் பெரிதாகத் தேறாது. ஆகவே சத்தம் போடும் சைலன்சரைக் கழற்றி மனைவியின் பழைய சுங்குடிப் புடவையில் சுற்றி டிக்கியில் படுக்கவைத்து, பழைய சைலன்சரோடு விடியுமுன் கிளம்பினேன். வாளையார் வழியாக ரேஷன் அரிசி கடத்துகிறவர்களைப் பற்றிப் பேப்பரில் படித்திருக்கிறேன். சைலன்சர் கடத்தியவன் அநேகமாக நான் ஒருவன்தான். குதிரான் சுரங்கப் பாதைக்குள் அந்தப் பழைய சைலன்சரே எதிரொலியில் போர்முரசு கொட்டியது, அப்போதே திரும்பியிருக்கலாம்.

போத்தனூரில் அக்கா வீட்டுக் கொட்டகையில் சைலன்சர் மாற்றும் வைபவம் நடந்தது. முதல் உறுமலுக்குப் பக்கத்து வீட்டு ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. அதைப் பிடித்துக் கட்டிவிட்டு வந்த அத்தான், "மாப்ளே, சைலன்சர்ல ஓட்டை போல, ஒரு வெல்டிங் வெச்சுக்கலாமா?" என்றார்.

டிராக்கில் முதலில் சோதனை. வண்டிக்குள் ஆடுகிற பொருள் எதுவும் இருக்கக் கூடாதாம். குடை, தண்ணீர் பாட்டில், அக்கா கட்டிக்கொடுத்த புளியோதரைத் தூக்கு, ஸ்டெப்னி எல்லாம் இறங்கின. டேஷ்போர்டில் இருந்த பிள்ளையாரை, சோதனை செய்த இளைஞர் விரலால் தொட்டுப் பார்த்தார். பிள்ளையாரும் ஆடினார். அவரையும் இறக்கிப் புளியோதரைக்குப் பக்கத்தில் உட்காரவைத்தேன். அன்று அவர்தான் பத்திரமாக இருந்தார்.

எங்கள் பிரிவில் ஆறு வண்டிகள். ஆறு என்றதும் மனம் துள்ளியது. 2005இல் இண்டியானாபொலிஸில் டயர்த் தகராறில் மற்றவர்கள் ஒதுங்கிக்கொள்ள, ஆறே கார்கள் ஓடிய பந்தயத்தில்தான் நம் கோவை நாராயண் கார்த்திகேயன் நான்காவதாக வந்து ஐந்து புள்ளி வாங்கினார். ஆறில் நான்கு எனக்கும் வராதா என்ன?

ஒரு சுற்று 2.1 கிலோமீட்டர். கலூர் மெட்ரோ ஸ்டேஷனிலிருந்து பாலாரிவட்டம் வரை ஏறக்குறைய அவ்வளவுதான். மாலை ஆறு மணிக்கு அதைக் கடக்க அரை மணி நேரம் பிடிக்கும் ஊர்க்காரன், எதிரே வண்டியே வராத சாலையைக் கண்டு திகைத்துப்போனேன். முதல் வளைவில் பழக்கதோஷத்தில் ஹாரன் அடித்தேன்.

கொடிகள் வேறு. கலூர் ஸ்டேடியத்துக்குப் பக்கத்தில் குடியிருப்பவனுக்கு மஞ்சள் என்றால் கேரளா பிளாஸ்டர்ஸ் கால்பந்து அணி, கொண்டாட்டம். இங்கே மஞ்சள் என்றால் ஆபத்து, முந்தாதே. அதைக் கண்டதும் கலூர் ரத்தம் கொதித்து ஆக்ஸிலரேட்டரை மிதித்துவிட்டேன். பிறகு தனியாகக் கூப்பிட்டு மரியாதையாகத் திட்டினார்கள். நீலக் கொடி என்றால், பின்னால் வேகமான வண்டி வருகிறது, வழிவிடு. அதை எனக்குச் சுற்றுக்கு இரண்டு முறை காட்டினார்கள். கடைசியில் கொடி காட்டிய பையன் கை வலித்து மறு கைக்கு மாற்றிக்கொண்டான்.

என்னை முதலில் தாண்டிப் போனது வெள்ளை ஆல்டோ. அலாய் இல்லை, ஸ்பாய்லர் இல்லை. பின் கண்ணாடியில் ‘குலதெய்வம் துணை’. ஓட்டியவர் லேத் பட்டறை வைத்திருக்கும் பெரியவர், அறுபதைத் தாண்டியவர். அவரை விடக் கூடாது என்று துரத்தினேன். ஐந்தாவது சுற்றில், நீண்ட நேர்ச்சாலையின் முடிவில் பிரேக்கை மிதித்தால், பெடல் பழுத்த தக்காளியை மிதித்த மாதிரிப் பொதக்கென்று தரைக்குப் போனது. வண்டி நேராக மண்ணில் இறங்கி, தாழ்த்திய வயிற்றோடு உழுது, புழுதிக்குள் நின்றது. சைலன்சர் மட்டும் கம்பீரமாக உறுமிக்கொண்டிருந்தது.

கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். பெரியவர் வந்து பானெட்டைத் திறந்தார். ஏர் ஃபில்டரைப் பார்த்துப் புன்னகைத்தார். பிரேக் ஆயில் டப்பாவின் மூடியைத் திருகிப் பார்த்தபோது புன்னகை போய்விட்டது. உள்ளே கட்டங்காப்பி.

"ஏனுங்க, இது மாத்தி எத்தன வருசமாச்சுங்க?"

எனக்கு நினைவில்லை. ஆசானுக்கும் இருந்திருக்காது, நான் அவரிடம் அதைப் பற்றிக் கேட்டதும் இல்லை.

"கொச்சிங்களா? அப்ப சரிதானுங்க" என்றார். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளுமாம். டாட் 3 ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறினால் 140க்கு வந்துவிடும். டிராக்கில் பிரேக் சூடு அதைச் சுலபமாகத் தாண்டும். ஆயில் கொதித்தால் ஆவி, ஆவியை மிதித்தால் வெறும் காற்று. கொச்சியின் இருபது மழைக்காலத்தை அந்தச் சின்ன டப்பாவில் சேமித்துக்கொண்டு வந்து ரேஸ் ஓட்டியிருக்கிறேன்.

அவரே தன் வண்டியிலிருந்து ஒரு பாட்டில் டாட் 4, ஒரு ரப்பர் குழாய், காலி சோடா பாட்டில் எல்லாம் கொண்டு வந்தார். நான் பெடலை மிதிக்க, அவர் நான்கு சக்கரத்திலும் கறுப்புத் தண்ணீரை வெளியேற்றினார். காசு வாங்க மறுத்துவிட்டார். புளியோதரையை மட்டும் இரண்டு கரண்டி போட்டுக்கொண்டார். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை மறுபடி ஓட்டினேன். ஆறு பேரில் ஆறாவதுதான். ஆனால் எல்லா வளைவிலும் டிராக்கின் மேலேயே இருந்தேன்.

திரும்பும்போது சைலன்சர் மறுபடி சுங்குடிக்குள் போனது.

செவ்வாய்க்கிழமை அந்தோணியார் கோயில் நொவேனா. கலூரே நிரம்பி வழிந்தது. பஸ் ஸ்டாண்டிலிருந்து வந்த தனியார் பஸ் ஒன்று வழக்கம்போல் கேட்காமல் குறுக்கே நுழைந்தது. மிதித்தேன். ஜென் அறைந்த ஆணிபோல நின்றது. மனைவி கையிலிருந்த மெழுகுவர்த்திகள் சிதறின.

"இந்த வண்டி ஒரு நாளும் இப்படி நின்னதில்லையே. என்ன மாத்தினீங்க?"

"பிரேக் ஆயில்."

"எவ்வளவு ஆச்சு?"

"ரெண்டு கரண்டி புளியோதரை."

அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மெதுவாகத் திரும்பிப் பின்னால் ஸ்பாய்லரைப் பார்த்தாள்.

"அது எவ்வளவு?"

நல்லவேளையாக அப்போது ஒரு ஹம்ப் வந்தது.