இரண்டாவது சிருஷ்டி

கனடா தேசத்துப் பாலகன் ஜஸ்டின் பீபர், பதினாறு பிராயம் பூர்த்தியான அதே 2010 மார்ச் மாதத்தில், 'மை வேர்ல்ட் 2.0' எனும் தமது முதல் முழு இசைத்தட்டை வெளியிட்டு அமெரிக்க விற்பனைப் பட்டியலின் சிரசில் ஏறியமர்ந்தார் என்பதும், 2009இலேயே ஒரு சிறு தட்டில் முதல் உலகத்தைப் படைத்து முடித்திருந்தமையால் இது இரண்டாவது சிருஷ்டி என்பதும் சரித்திரம். பிரமதேவனுக்கும் இத்தனை துரிதம் வாய்த்ததில்லை. நெடுந்தீவில் அதே பிராயத்துப் பிள்ளைகளின் உலகமோ சாதாரண தரப் பரீட்சைக்கும் குறிகாட்டுவான் படகுக்கும் இடையில் அடங்கிவிடும். அத்தட்டின் 'பேபி' என்னும் கீதத்தில் பையன் காதலியிடமே நேராக முறையிடுகிறான். பெண்ணைப் பற்றி அவளுடைய தாயாரிடமே பவ்வியமாக விசாரிக்கும் நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே' என்ற பொப் பாடலைக் கலியாண வீடுகளில் கேட்டு வளர்ந்த நம் தீவகத்துப் பெரியவர்களுக்கு, மாமியாரைக் கலந்துகொள்ளாத இந்தப் பிரேமை சம்பிரதாய விரோதமாகவே தோன்றக்கூடும்.