மலிவுநாட்டியல்: முதுகுப்பைப் பயணி அடுத்த நாட்டைத் தேரும் முறை குறித்த ஆராய்ச்சி

பேக்பேக்கர் என்று உலகெங்கும் அழைக்கப்படும் முதுகுப்பைப் பயணி, தம் உடைமை அனைத்தையும் ஒரே பையில் திணித்து முதுகில் ஏற்றிக்கொண்டு, கையிருப்பு தீரும்வரை நாடு விட்டு நாடு செல்பவர் ஆவார். ஒரு நாட்டை நீங்கி மறு நாட்டுக்குள் நுழையுமுன், இதைவிட மலிவான நாடு எது என்ற வினாவுக்கு விடை தேடி அவர் செலவிடும் காலமும் உழைப்பும் ஒரு தனித்துறைக்கு உரிய அளவை எட்டியிருந்தும், பல்கலைக்கழகங்கள் அதற்கென ஓர் இருக்கைகூட அமைக்காதது வியப்புக்குரியது. இக்குறையை ஓரளவேனும் போக்கும் பொருட்டு, அத்துறைக்கு மலிவுநாட்டியல் எனப் பெயரிட்டு, அதன் அடிப்படைகள் இங்கு ஆராயப்படுகின்றன. தாய்லாந்து, லாவோஸ், கம்போடியா, வியட்நாம் ஆகிய நான்கும் ஆய்வுக்களமாகக் கொள்ளப்பட்டன. ஒன்றில் அமர்ந்துகொண்டு மற்ற மூன்றின் விலைவாசியைப் பேசுவது அங்கு அன்றாட அலுவல் என்பதே காரணம்.

இத்துறையின் மூலநூல் 1973-இல் வெளிவந்தது. லண்டனிலிருந்து ஆசியாவைக் குறுக்கே கடந்து ஆஸ்திரேலியா சேர்ந்த டோனி வீலர், மொரீன் வீலர் தம்பதியர், எப்படி வந்தீர்கள், எவ்வளவு ஆயிற்று என்று கேட்டவர்களுக்கெல்லாம் விடை சொல்லி அலுத்து, குறைந்த செலவில் ஆசியாவைக் கடப்பது பற்றிய சிறுநூலைத் தாமே வெளியிட்டனர்; லோன்லி பிளானட் நிறுவனம் அதிலிருந்தே முளைத்தது. 1975-இல் அவர்கள் தென்கிழக்காசியாவுக்கென எழுதிய மஞ்சள் அட்டை வழிகாட்டி, பயணிகளிடையே வேதநூலுக்குரிய மதிப்பைப் பெற்றது. ஆயினும் வேதநூலுக்கு இல்லாத ஒரு குறை வழிகாட்டிக்கு உண்டு. ஒரு விடுதி மலிவானது என்று நூல் சொல்ல, படித்தவர் அனைவரும் அங்கேயே சென்று குவிய, விடுதிக்காரர் வாடகையை ஏற்றிவிடுவார். ஆகவே மலிவைப் பற்றிய எந்த நூலும் அச்சேறிய நாள்தொட்டுப் பொய்யாகத் தொடங்கும் என்பது மலிவுநாட்டியலின் முதல் விதியாகக் கொள்ளத்தக்கது.

அளவுகோல் பற்றிய சிக்கல் இதனினும் பெரிது. மெக்டொனால்ட்ஸ் கடையின் ஒரே பண்டம் பல நாடுகளில் என்ன விலைக்கு விற்கிறது என்பதைக் கொண்டு நாணயங்களின் மதிப்பை ஒப்பிடும் பிக் மாக் குறியீட்டை 1986-இல் தி எகானமிஸ்ட் இதழ் அறிமுகப்படுத்தியது. பொருளியலார்க்கு அது பயன்படலாம்; பயணிக்குப் பயன்படாது. வியட்நாமில் மெக்டொனால்ட்ஸ் கடை 2014-இல்தான் திறக்கப்பட்டது என்பதால், அதுவரை அந்நாட்டின் மலிவை அளக்க உலகில் கருவியே இல்லாதிருந்தது என்று கொள்ள நேரும். இவ்விடர்ப்பாட்டைக் கருதியே முதுகுப்பைப் பயணிகள் பீரை அலகாக ஏற்றனர். இவ்வகையில் ஹனோய் நகரின் பியா ஹோய்க்கு இணை கிடையாது. பதப்பொருள் சேர்க்காமல் அன்றன்று வடித்து அன்றன்றே விற்றுத் தீர்க்கப்படும் அந்த இளம்பீரை, உட்கார்ந்தவரின் முழங்கால் மார்புக்கு ஏறும் அளவுக்குத் தாழ்ந்த பிளாஸ்டிக் ஸ்டூலில், நடைபாதை ஓரத்தில், பின்னால் வரும் ஸ்கூட்டருக்கு அவ்வப்போது தோளை ஒதுக்கிக்கொண்டு பருகுதல் மரபு. அதன் விலையைச் சொன்னதும் கேட்பவர் புருவம் உயர்ந்தால் நாடு மலிவு என்று துணியப்படும். இம்முறையில் இரு குறைகள் உள்ளன. மது அருந்தாத பயணிக்கு உலகில் மலிவு நாடே இல்லை என்ற விபரீத முடிவுக்கு இது இட்டுச் செல்கிறது. மேலும், பீரின் விலை பாதியானால் செலவும் பாதியாக வேண்டும். களத்திலோ கோப்பைகளின் எண்ணிக்கை இரட்டிப்பாகிச் செலவு பழைய நிலையிலேயே நிற்பது காணப்படுகிறது.

அடுத்து ஆராயத்தக்கது முன்னாட்டுச் சார்பு, அதாவது ஒரு நாட்டின் விலை அதற்கு முன் சென்ற நாட்டைப் பொறுத்து மாறித் தோன்றும் இயல்பு. சிட்னியிலிருந்து பாங்காக்கில் வந்து இறங்கி, காவ் சான் தெருவின் தள்ளுவண்டி நூடுல்ஸை உண்டு, இவ்வளவுதானா என்று மகிழ்ந்த அதே பயணி, இரண்டு மாதம் வியட்நாமில் கழித்துவிட்டு அதே வண்டிக்குத் திரும்பும்போது, பகற்கொள்ளை என்று முகம் சுளிப்பார். வண்டியும் மாறவில்லை, நூடுல்ஸும் மாறவில்லை. சில வேளைகளில் நாடே உண்மையாக மலிவதும் உண்டு: 2021-இல் டாலருக்குப் பத்தாயிரத்தை ஒட்டி நின்ற லாவோஸ் நாணயமாகிய கிப், 2024-இல் இருபதாயிரத்தைத் தாண்டிச் சரிந்தது. இதற்கிடையே 2023 தொடக்கத்தில் அந்நாட்டுப் பணவீக்கம் 40 விழுக்காட்டைத் தொட்டது. அதாவது லாவோஸ் மக்கள் அரிசி வாங்கத் திணறிய அதே காலத்தில்தான் லாவோஸ் போவதற்கு இதுவே நல்ல தருணம் என்ற பேச்சு டார்மிட்டரிகளில் எழுந்திருக்க வேண்டும். இவ்வுண்மை மலிவுநாட்டியலாருக்குத் தெரியாததன்று; பேசப்படாதது.

இனி வாயில் விலை. உள்ளே சென்றபின் ஆகும் செலவை விடுத்து, உள்ளே நுழைவதற்கே கொடுக்க வேண்டிய தொகை இப்பெயரால் குறிக்கப்படுகிறது. இதற்குக் கம்போடியா சிறந்த எடுத்துக்காட்டு. கட்டில் வாடகை மலிவு என்று கேள்விப்பட்டுச் செல்பவர் விசாவுக்கு 30 டாலர் கட்டியபின் அங்கோர் கோயில்களின் நுழைவுச்சீட்டை எதிர்கொள்கிறார். 2017-இல் 20 டாலரிலிருந்து உயர்த்தப்பட்டபின் ஒருநாள் சீட்டு 37 டாலர், மூன்றுநாள் சீட்டு 62, ஏழுநாள் சீட்டு 72. இங்குதான் பயணியின் கணித அறிவு அவருக்கே எதிராகத் திரும்புகிறது: ஒருநாள் சீட்டில் நாளொன்றுக்கு 37 ஆவதும், ஏழுநாள் சீட்டில் பத்துச் சொச்சமே ஆவதும் கண்டு, மிச்சம் பிடிக்கும் நோக்கில் அவர் 72 டாலர் கொடுத்து, நான்காம் நாளுக்குப்பின் எந்தக் கோபுரம் எந்தக் கோயிலைச் சேர்ந்தது என்ற தெளிவும் இழந்து, சீட்டு வீணாகக் கூடாதே என்பதற்காக வெயிலில் அலைகிறார். டாலரும் உள்நாட்டு நாணயமாகிய ரியெலும் ஒருங்கே புழங்கும் அந்நாட்டில், ஓரத்தில் நகக்கண் அளவு கிழிந்த டாலர் நோட்டையும் கடைக்காரர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத் திருப்பித் தந்துவிடுவார் என்பதும் கணக்கில் சேர்க்கத்தக்கது. வியட்நாமில் கதை வேறு. அங்கு 20,000 டாங் நோட்டும் 500,000 டாங் நோட்டும் நீல நிறத்தன. மங்கிய விளக்கொளியில் ஒன்றை மற்றொன்றாகக் கருதி ஒருமுறை நீட்டிவிட்டால், ஒரு வாரம் பேரம் பேசிச் சேர்த்தது ஒரு நொடியில் போய்விடும்.

பயணக்கட்டணம் பற்றி விரித்துரைக்க வேண்டியதில்லை. இரவுப் பேருந்தில் ஏறினால் அறை வாடகை மிச்சம் என்ற ஒரே கோட்பாட்டில் அது அடங்கிவிடும். செருப்பைக் கழற்றிப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கையில் பிடித்தபடி ஏறி, முன்னால் படுத்திருப்பவரின் தலைக்குக் கீழுள்ள பெட்டிக்குள் கால்களைச் செருகிக்கொண்டு வியட்நாமின் படுக்கைப் பேருந்தில் விடியும்வரை விழித்திருந்தவர், மறுநாள் பகல் முழுதும் உறங்குவதற்கென்று ஓர் அறை எடுப்பதை அக்கோட்பாடு விளக்குவதில்லை.

மேற்கூறிய கூறுகளைக் கூட்டிக் கழித்தே பயணி அடுத்த நாட்டைத் தேர்கிறார் என்று கொள்வது பிழை. முடிவு வேறிடத்தில் பிறக்கிறது. அவ்விடத்தைத் தமிழிலக்கணம் முன்பே வகுத்துள்ளது. வள்ளலிடம் பரிசில் பெற்று மீளும் பாணனோ கூத்தனோ பொருநனோ, எதிரே வறுமையோடு வரும் தன்னொத்தவனைக் கண்டு, இன்ன வழியே செல், இன்ன ஊரில் இன்ன உணவு கிடைக்கும், இன்னாரை அடைந்தால் இன்னது பெறலாம் என்று வழிப்படுத்துவது ஆற்றுப்படை எனப்படும். ஹாஸ்டலின் எட்டுக் கட்டில் அறையில் மேல்கட்டிலில் படுத்திருப்பவர், அப்போதுதான் வந்து கீழ்க்கட்டிலில் பையை இறக்குபவரிடம் செய்வது அணுவும் பிசகாமல் இதுவே. சிறுபாணாற்றுப்படை நெய்தல் நிலத்துச் சுட்ட மீனையும் மருத நிலத்துச் சோற்றையும் நண்டையும் வரிசைப்படுத்த, மேல்கட்டிலார் லுவாங் பிரபாங் இரவுச் சந்தையையும் ஹோய் ஆனின் பான் மி ரொட்டியையும் வரிசைப்படுத்துவார். பாணன் பெற்ற யானைக்கு ஈடாக இவரிடம் யானைப்படம் அச்சிட்ட தொளதொளக் காற்சட்டை இருக்கும். வேறுபாடு ஒன்றே: பாணன் வள்ளலின் கொடையைப் புகழ்வான், மேல்கட்டிலார் தம் பேரத்தைப் புகழ்வார். செல்வர் தம் நிலையைக் காட்டுவதற்கென்றே பொருளை வாரி இறைப்பதைப் பகட்டு நுகர்வு என்று 1899-இல் தார்ஸ்டீன் வெப்லன் சுட்டினார். இதனைப் பகட்டுச் சிக்கனம் எனலாம்.

அற்றேல், பயணிகள் பலர் நாடுவாரியாகக் கட்டில், உணவு, பேருந்து, விசா எனப் பத்தி பிரித்து எக்செல் தாளில் கணக்கிடுகின்றனரே எனின், அற்றன்று. அத்தாள் மேல்கட்டிலாரின் உரை முடிந்தபின் தொடங்கப்படுவது. அதில் லாவோஸ் வெல்ல வேண்டும் என்றால் பீர் பத்தி சேர்க்கப்படும், கம்போடியா வெல்ல வேண்டும் என்றால் அங்கோர் பத்தி நீக்கப்படும்.

எத்தாளும் எம்மேல்கட்டிலாரும் உதவாமல் பாங்காக்கிலேயே தயங்கி நிற்பவர் நிலையும் இங்குக் கருதத்தக்கது. தாய்லாந்தில் அனுமதிக்காலம் கடந்து தங்குவோர்க்கு நாளொன்றுக்கு 500 பாட் அபராதம். அதன் உச்சவரம்பு 20,000 பாட். ஆகவே எந்த நாட்டில் நாளுக்கு இரண்டு டாலர் மிச்சமாகும் என்ற ஆராய்ச்சி 40 நாள் வரை செலவுடையது, 41-ஆம் நாள் முதல் இலவசம். அவ்வாறே 90 நாளையும் கடந்துவிட்டால், அவர் தாமாக விமான நிலையத்துக்கு வந்து வெளியேறினாலும் ஓராண்டுக்கு மறுநுழைவுத் தடை விதிக்கப்படும்; அத்துடன் ஒப்பிட வேண்டிய நாடுகளின் எண்ணிக்கை நான்கிலிருந்து மூன்றாகக் குறைகிறது.