பர்ஸும் பாண்டியனும்

மதுரையில் ஒருவர் விறைப்பாக நிமிர்ந்து நிற்கிறார் என்றால், ஒன்று அவர் போலீஸாக இருக்க வேண்டும்; இல்லை, கட் அவுட்டாக இருக்க வேண்டும். மற்றவர்கள் எல்லாம் சாய்கிற கட்சி. டீக்கடைத் தூணில் தோள், பெஞ்சில் ஒரு கால், டவுன் பஸ் ஜன்னலில் முழங்கை. அப்படி ஊன்றிக்கொண்டே திருமங்கலம் வரை போய்ப் பாருங்கள், சுண்டுவிரலும் மோதிர விரலில் பாதியும் மரத்திருக்கும். முழங்கை எலும்பை ஒட்டி, தோலுக்கடியிலேயே ஓடுகிற அல்நார் நரம்பு நசுங்கியதன் பலன்.

எங்கள் சித்தப்பாவுக்கு வந்தது வலது காலில். இடுப்பில் தொடங்கி, தொடைக்குப் பின்னால் இறங்கி, பாதத்தில் எறும்பு ஊர்ந்தது. சித்தி ‘வாயு’ என்றார். எதிர்வீட்டு அம்மா ‘செய்வினை’ என்றார். மரத்துப்போவதற்குச் சர்க்கரையும் பெரிய காரணமாயிற்றே என்று ரத்தம் கொடுத்துப் பார்த்தோம். அது ஒழுங்காக இருந்தது. கடைசியில் பிசியோதெரபி செய்யும் பெண்தான், அவரை உட்கார வைத்துப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "பின்பாக்கெட்ல என்னங்கய்யா அது?"

பர்ஸ் வெளியே வந்தது. வாய் பிளக்காமலிருக்க ரப்பர் பேண்ட் போட்ட பர்ஸ். திருப்பரங்குன்றத்து முருகன், பாண்டி கோயில் விபூதிப் பொட்டலம், எழுத்தழிந்த ஏடிஎம் சீட்டுகள், ரேஷன் கார்டு நகல், எந்தப் பூட்டுக்கென்று யாருக்கும் தெரியாத ஒரு சாவி. ரொக்கம் அறுபது ரூபாய்.

"காசே இல்லாத பர்ஸு எப்படிம்மா நரம்ப அமுக்கும்?" சித்தப்பாவுக்கு நியாயமான சந்தேகம்.

உடம்பிலேயே தடித்த நரம்பான சியாட்டிக், பிட்டத்துத் தசைக்கடியில்தான் இறங்குகிறது. பர்ஸ் மேல் உட்கார்ந்தால் இடுப்பு ஒருபக்கம் சாயும், நரம்பும் நசுங்கும். 1978-லேயே அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் இதைப் பற்றி எழுதிவிட்டார்கள். அங்கே கிரெடிட் கார்டு பர்ஸால் வந்ததாம். இங்கே விபூதிப் பொட்டலத்தால்.

சித்தப்பாவின் பேரனோ செல்போனுக்குள் கவிழ்ந்து கிடக்கிறான். நிமிர்ந்திருந்தால் தலை ஐந்து கிலோதான். 60 டிகிரி குனிந்தால் கழுத்துக்கு 27 கிலோ பாரம் என்று 2014-ல் நியூயார்க் டாக்டர் ஒருவர் கணக்குப் போட்டார். அரிசிச் சிப்பத்தைப் பிடரியில் வைத்துக்கொண்டு ரீல்ஸ் பார்க்கிறான் பிள்ளை.

"எப்படி வேணா உக்காருங்க. அப்படியே உக்காந்திருக்காதீங்க, மாறி மாறி உக்காருங்க" என்றாள் அந்தப் பெண். சித்தப்பா மசியவில்லை. நான் மீனாட்சி கோயிலைத் துணைக்கு அழைத்தேன். மற்ற ஊர்களில் இடது காலைத் தூக்கி ஆடும் நடராசர், நம் வெள்ளியம்பலத்தில் மட்டும் வலது காலைத் தூக்கியிருக்கிறார். பரதம் கற்று உடம்பு நொந்த ராஜசேகர பாண்டியன், ‘எனக்கே இப்படி வலித்தால், காலமெல்லாம் ஒற்றைக் காலில் நிற்கும் ஐயனுக்கு?’ என்று உருகி, கால் மாறாவிட்டால் உயிரை விடுவேன் என்று நின்றானாம். ஆண்டவனும் மறுபேச்சில்லாமல் மாற்றிக்கொண்டார்.

சித்தப்பா கண்ணை மூடிக் கேட்டார். கன்னத்தில் போட்டுக்கொண்டார். மறுநாள் பார்த்தால், பர்ஸ் இடது பாக்கெட்டில் இருக்கிறது.