சித்திரையில் வத்தல்மலை ஏறும் சீமான்கள்

சித்திரை பிறந்து முதல் சனிக்கிழமை வந்துவிட்டால் தர்மபுரிக்காரர்களான எங்களுக்குத் திருவிழாதான். ஓசூர், சேலம், பெங்களூர்ப் பக்கத்துக் கார்கள் வத்தல்மலை அடிவாரத்தில் வரிசை கட்டும். ஊரிலிருந்து மலைக்கு ஏறத்தாழ 25 கிலோமீட்டர். காலையில் ஏறி இருட்டுவதற்குள் இறங்கிவிடலாம். அந்த ஒரு பகல் பொழுதுக்கு அவர்கள் கட்டிக்கொண்டு வரும் மூட்டைமுடிச்சைப் பார்க்கிறபோது எனக்கு மெய் சிலிர்க்கிறது. இவ்வளவு தொலைநோக்கு உள்ளவர்கள் வெறுமனே சுற்றுலா போய்க்கொண்டிருக்கிறார்களே, மாநிலத் திட்டக்குழுவில் அல்லவா உட்கார்ந்திருக்க வேண்டும்!

கடல் கடக்கிறவர்களைத்தான் நாம் வீணாகப் பெரிதுபடுத்துகிறோம். குளிர்காலம் முழுக்கக் கரீபியன் தீவுகளைச் சுற்றிய சொகுசுக் கப்பல்கள், கோடைக்கு மத்தியதரைக் கடல் பக்கம் போவதற்காக ஏப்ரல், மே மாதங்களில் அட்லாண்டிக்கைக் கடக்கின்றன. கிட்டத்தட்ட இரண்டு வாரப் பயணம். ஏறுகிற இடத்தில் கொளுத்தும் வெயில், நடுக்கடலில் எலும்பைத் துளைக்கும் காற்று, இறங்குகிற இடத்தில் இரண்டும் இல்லாத ஒரு வசந்தம். அந்தப் பயணிகள், பாவம், ஒரே பெட்டிக்குள் மூன்று பருவத்தையும் அடைக்க மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். மெல்லிய துணிகளாக எடுத்துக்கொண்டு ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொள்வது, காற்றுப் புகாத ஒரு மேல்சட்டை, குமட்டலுக்கு மாத்திரை, துவைத்தால் சீக்கிரம் காய்கிற துணி என்று கணக்குப் பார்த்துக் கணக்குப் பார்த்து எடுத்துவைக்கிறார்கள். கிழக்கே போகப் போகச் சில இரவுகளில் கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ள வேண்டும் என்பது வரை குறித்துக்கொள்கிறார்கள். பெருங்கடலுக்கே ஒரு பெட்டி போதும் என்று நினைக்கிற குறுகிய மனசு. வத்தல்மலைக்கு ஆளுக்கு இரண்டு பெட்டி என்று வருகிற நம்மவர்களின் தாராளம் அவர்களுக்கு வராது.

வானிலை அறிவிலும் இவர்களை மிஞ்ச ஆள் கிடையாது. யாரோ ஒரு புண்ணியவான் இந்த மலைக்கு ‘மினி ஊட்டி’ என்று பேர் வைத்துவிட்டார். பேரே இருக்கும்போது வெப்பமானி எதற்கு? ஊட்டி 7,350 அடி உயரம். வத்தல்மலை 3,000 அடிக்குச் சற்று மேல். தர்மபுரி ஊரே 1,500 அடியில் இருக்கிறது. ஆயிரம் அடி ஏறினால் சராசரியாக 2 டிகிரி குறையும் என்பது பள்ளிக்கூடத்துக் கணக்கு. கீழே 38 டிகிரி கொளுத்துகிற நாளில் மேலே ஒரு 34 இருந்தால் நம் அதிர்ஷ்டம். இந்த நான்கு டிகிரியை எதிர்கொள்ளத்தான் குரங்குக் குல்லாய், மப்ளர், கம்பளிச் சட்டை, கைக்குழந்தைக்குக் காலுறை. உச்சி வெயிலில் காப்பித் தோட்டத்து ஓரமாக நின்று, நெற்றி வேர்வை மூக்கு நுனியில் சொட்ட, “செம சில்லுன்னு இருக்குல்ல?” என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வார்கள் பாருங்கள், அந்த மன உறுதி லேசில் வாய்க்காது.

காப்பிச்செடி மட்டும் வேறு மாதிரி வானிலை பார்க்கிறது. கோடை மழை ஒன்று விழுகிறவரை மொட்டை மூடிக்கொண்டு காத்திருக்கும். விழுந்து எட்டு, பத்து நாளில் மலைச்சரிவு முழுக்க வெள்ளையாகப் பூத்து மல்லிகை மணக்கும். பிஞ்சு பிடிக்க இன்னொரு மழை வேண்டும். அந்த வாசனை வந்த ஒரு நாள், எனக்கு முன்னால் போன இளைஞர் ஒருவர் மூக்கைச் சுளித்து, “யார்ரா இவ்ளோ சென்ட் அடிச்சிருக்கறது?” என்று நண்பர்களை விசாரித்தார். புலன்கள் கூர்மையாக இருந்தால்தான் இப்படிக் கேட்க முடியும்.

இவர்களை மட்டும் தனியாகப் பாராட்டுவது நியாயமும் இல்லை. பருவம் பார்த்துக் காரியம் தொடங்குவது நம் நாட்டுக்கே உரிய சிறப்பு. நாகப்பட்டினத்திலிருந்து இலங்கையின் காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் விட வேண்டும் என்ற பேச்சு வெகுகாலமாக நடந்தது. கடைசியில் ஆண்டின் பன்னிரண்டு மாதங்களையும் சலித்தெடுத்து, வடகிழக்குப் பருவமழை வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த 2023 அக்டோபர் 14-ஐத் தேர்ந்து ‘செரியபாணி’யைக் கொடியசைத்து அனுப்பினார்கள். ஒரு வாரம்கூட முழுதாக ஆகவில்லை, பருவமழை வருகிறது என்று நிறுத்தினார்கள். மறுபடி ‘சிவகங்கை’ என்ற கப்பல் புறப்பட 2024 ஆகஸ்ட் ஆயிற்று. பஞ்சாங்கத்தையும் வானிலை மையத்தையும் இப்படி ஒருசேரக் கௌரவிக்கத் தெரிந்த நாட்டில், சித்திரை வெயிலுக்கு மப்ளர் கட்டுவது ஒரு பெரிய விஷயமா?

மலைப்பாதை விஷயத்துக்கு வருகிறேன். இருபதுக்கும் மேற்பட்ட கொண்டை ஊசி வளைவுகள். கப்பலில் போகிறவர்கள் அலைக்குப் பயந்து வயிற்றைக் காயவும் விடாமல் நிரப்பவும் செய்யாமல், இஞ்சியைக் கடித்துக்கொண்டு அடிவானத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்களாம். கோழைத்தனம். நம் சீமான்கள் தர்மபுரியிலேயே வண்டியை நிறுத்தி மட்டன் பிரியாணியை ஒரு பிடி பிடித்து, அதன்மேல் கலர் ஊற்றி, பின்சீட்டில் உட்கார்ந்து குனிந்து ரீல்ஸ் பார்த்துக்கொண்டே ஏறுகிறார்கள். ஐந்தாறு வளைவு தாண்டியதும் ஒரு வண்டி ஓரம் கட்டும். கதவு திறக்கும். அடுத்த வளைவில் இன்னொன்று. கைம்மாறு கருதாமல் சாலையோரச் செடிகளுக்கு உரமிடும் இந்தப் பணியை வேளாண்மைத் துறை இன்னும் கவனிக்காதது எனக்கு வருத்தம்.

போன சித்திரையில் அப்படி ஏறி வந்த ஒரு வண்டியின் பின்கதவு திறந்தபோது பக்கத்திலேயே நின்று தரிசிக்கிற பேறு கிடைத்தது. மேலே ஐஸ் பெட்டி. அதற்குக் கீழே, சின்னப் பிள்ளை உயரத்துக்கு ஒரு ஸ்பீக்கர். மடக்கு நாற்காலிகள், ட்ரோன், 20 லிட்டர் தண்ணீர் கேன், கட்டுக்கட்டாகத் தெர்மகோல் தட்டு, நான்கு சக்கரம் வைத்த டிராலிப் பெட்டி. அந்தப் பெட்டியை மண்பாதையில் உருட்டப் பார்த்து, உருளாமல், இரண்டு பேர் பல்லக்கு மாதிரி தூக்கிக்கொண்டு போனார்கள். எல்லாவற்றுக்கும் அடியில், விலைச்சீட்டுகூடக் கழற்றாத மலையேற்றக் கம்பு ஒரு ஜோடி. குடை இல்லை. டார்ச் இல்லை. துவட்ட ஒரு துண்டு இல்லை. மழையின்மேல் அவர்களுக்கு அவ்வளவு நம்பிக்கை.

தகடூர் என்று பழைய பேர் கொண்ட எங்கள் தர்மபுரி மண்ணில் இப்படி மனம் குளிர்வது புதிதல்ல. அதியமானுக்காகக் காஞ்சிக்குத் தூது போன ஔவை, தொண்டைமானின் ஆயுதசாலையில் நெய் பூசி மாலை சூட்டி வரிசையாக நிறுத்தியிருந்த வேல்களைப் பார்த்து எப்படிப் பாராட்டினாள் என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். எங்கள் அரசனின் வேல்களோ முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடந்தன. அந்தக் கம்பு ஜோடியைக் கண்டதும் எனக்கும் அதே பூரிப்பு. பக்கத்து வரப்பில் நின்ற பெரியவர் கையில் இருந்ததோ, பிடியில் சைக்கிள் ட்யூபைச் சுற்றிய ஒரு தேய்ந்த கொடுவாள். இந்த மலையில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்கள் தங்கள் முன்னோர் காஞ்சியிலிருந்து வந்தவர்கள் என்று சொல்வதுண்டு. புறப்படும்போது ஆயுதசாலையை அங்கேயே விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது.

இந்த மலைக்காரர்களுக்கு மூட்டை கட்டத் தெரியாது என்பதையும் சொல்லியாக வேண்டும். சாலை வருகிறவரை சாமையும் கேழ்வரகும் பலாவும் தலைச்சுமையாகவும் கழுதை முதுகிலும்தான் இறங்கின. உப்பும் மண்ணெண்ணெயும் அப்படியே ஏறின. மு.க.ஸ்டாலின் முதல்வராக 2021 செப்டம்பரில் மேலே வந்து மக்களைப் பார்த்தார். அரசுப் பேருந்து வளைவுகளில் ஏறியது அதற்கும் பிறகு. பென்னாகரம் பக்கத்துக் கோட்டூர் மலைக்குத் தேர்தல் சமயத்தில் வாக்குப்பதிவு இயந்திரம் கழுதைமேல் போவதைப் பத்திரிகைகள் படம் போட்டுக்கொண்டுதான் இருந்தன. ஜனநாயகமே ஒரு கழுதைக்கு அளவான சுமையாகச் சுருங்கிப் போகிற மாவட்டம் இது. அதனால்தானோ என்னவோ, பேருந்தில் இறங்குகிற பெண்மணி கையில் ஒரே ஒரு மஞ்சப்பை இருக்கிறது. அதற்குள் ரேஷன் கார்டு, ஆதார் ஜெராக்ஸ், ஆஸ்பத்திரிச் சீட்டு, மடித்த ஒரு பாலிதீன் தாள். அந்தத் தாள் மழை வந்தால் அவருக்கல்ல, சீட்டுக்கு.

மஞ்சப்பை என்றதும் நினைவு வருகிறது. 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்கைத் தமிழ்நாடு தடை செய்தது. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் வந்தது. நம் சீமான்கள் இரண்டையும் மதிக்கிறவர்கள். நான் பார்த்த வண்டியிலும் ஒரு மஞ்சப்பை இருந்தது, புதுசு, மடிப்புக் கலையாதது. அதற்குள் அழகாக அடுக்கி வைத்திருந்தார்கள், ஐம்பது பிளாஸ்டிக் டம்ளர். சாப்பாடு முடிந்ததும் டம்ளர்களைப் பாறை இடுக்கிலும் தட்டுகளைக் காப்பிச்செடி அடியிலும் வைத்துவிட்டுப் பையை மட்டும் பத்திரமாக மடித்து உள்ளே வைத்தார்கள். கண்ணாடி பாட்டில்களையும் அப்படியே போட்டுவிடவில்லை, பாறையில் அடித்துச் சிறுசிறு துண்டாக்கினார்கள். செருப்பில்லாமல் நடக்கிற பிள்ளைகள் முழு பாட்டிலில் தடுக்கி விழுந்துவிடக் கூடாதே என்ற கரிசனம்.

அவர்கள் மிளகு வாங்கப் போன வீட்டுத் திண்ணையில் நானும் காப்பித்தூளுக்கு நின்றிருந்தேன். வீட்டுக்கார அம்மாள் மிளகைப் படியில் அளந்துகொண்டே ஓரக்கண்ணால் மேற்கே பார்த்தார்.

“மூணு மணிக்கு மேல மழ வரும் சாமி. வெரசா எறங்கிருங்க.”

“போன்ல பத்து பர்சென்ட்தான்க்கா காட்டுது.”

“அப்படிங்களா? அப்ப மழைக்கு இன்னும் சேதி வரல போல.”

அந்த போனில் இருந்தது காலையில் தர்மபுரி பஸ் ஸ்டாண்டு பக்கம் எடுத்த வானிலை. மேலே சிக்னல் விட்டுப்போய் இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. ஆனாலும் அறிவியலைக் கைவிடாமல் நின்றார்கள். மிளகை அங்கேயே வைத்துவிட்டு, அந்த அம்மாள் கொடியில் கிடந்த துணியை எடுக்க ஓடினார்.

மூன்றரைக்கு வந்தது. சித்திரை மாத மழைக்கு முன்னுரை கிடையாது. முதலில் புழுதி வாசனையோடு ஒரு காற்று, அப்புறம் இடி, அப்புறம் மழை. காட்சிமுனையில் ட்ரோன் ஒரு பக்கம் பறந்துபோயிற்று. ஒருவர் எல்லாரையும் தனியாக நின்ற மரத்தடிக்குக் கூப்பிட்டார், இரும்புக் கம்பில் போனை மாட்டி உயரத் தூக்கிப் பிடித்தபடி. மின்னலுக்கு வழிகாட்டுவதில் இவ்வளவு அக்கறை உள்ளவரை நான் பார்த்ததில்லை. இப்போதுதான் உண்மையான குளிர் வந்தது. நனைந்த உடம்பில் காற்றுப் பட்டால் 22 டிகிரியே போதும், பல் கிட்டும். கம்பளிகளெல்லாம் எங்கே? மத்தியானம் வேர்த்துக் கொட்டியதால் கழற்றி, கார்மேல் காயப்போட்டிருந்தார்கள். முழுக்க நனைந்த ஆடு மாதிரி கனத்துக் கிடந்தன.

தெப்பலாக நனைந்து திண்ணைக்கு வந்தவர்களுக்கு அந்த அம்மாள் உள்ளேயிருந்து நாலைந்து கோணிச் சாக்கை எடுத்துக் கொடுத்தார். சாக்கின் ஒரு மூலையை இன்னொரு மூலைக்குள் குத்திவிட்டால் கூம்பாகிவிடும். தலையில் கவிழ்த்தால் முதுகு முழுக்க மூடும். கொங்காடை. காற்றுக்கும் மழைக்கும் சேர்த்து இந்த மலையின் முழு முன்னேற்பாடும் அவ்வளவுதான், மடித்தால் கக்கத்தில் அடங்கும். சீமான்கள் அதை மாட்டிக்கொண்டு சிரித்து, வரிசையாக நின்று படம் எடுத்தார்கள். ஒருவர் “இது ஆன்லைன்ல கிடைக்குமாக்கா?” என்று கேட்டார். “காப்பிக்கொட்ட கட்டற சாக்கு சாமி, நாளைக்கு வேணும்” என்றார் அம்மாள்.

மழை விட்டதும் கிளம்பினார்கள். தட்டு, டம்ளர், கேன், உடைந்த நாற்காலி ஒன்று, பாட்டில் சில்லு எல்லாவற்றையும் மலைக்கே காணிக்கையாக விட்டுவிட்டு, காப்பிக்கொட்டை கட்ட வைத்திருந்த சாக்குகளை மட்டும் ஞாபகமாக எடுத்துக்கொண்டு போனார்கள்.