மயிரிழையில் போன ஆயிரம் ரூபாய்

அனுப்புநர்: பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் டீக்கடை வைத்திருப்பவன்
பெறுநர்: உணவுப் பாதுகாப்பு அலுவலர் அய்யா அவர்கள்
பொருள்: இல்லாத முடிக்கு அபராதம் விதித்தமைக்கு நன்றி தெரிவித்தல் தொடர்பாக.

பெருமதிப்பிற்குரிய அய்யா,

நேற்றுக் காலை 7 மணிக்கு, வியாபாரம் சூடு பிடிக்கும் நேரம் பார்த்துத் தாங்கள் எழுந்தருளினீர்கள். மாஸ்டர் தலையில் உறை இல்லையென்று, டீ குடிக்க வந்த அத்தனை பேர் முன்னாலும் 1,000 ரூபாய்க்கு ரசீது கிழித்தீர்கள். டீயில் முடி விழுந்துவிடுமாம். மாஸ்டருக்கு முடி இருந்ததை அவர் பிள்ளைகளே கல்யாண ஆல்பத்தில்தான் பார்த்திருக்கிறார்கள். அந்தத் தலையிலிருந்து ஒரே ஒரு முடி விழட்டும், சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிடுகிறோம்.

தங்கள் விதிகளை நாங்கள் மீறுகிறவர்கள் அல்ல. வருடத்துக்கு 100 ரூபாய் கட்டி, 14 இலக்கப் பதிவு எண் வாங்கி, கண்ணாடிச் சட்டம் போட்டு முருகனுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறோம். ஊதுபத்தி இரண்டுக்கும் பொது. 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் பை கூடாதென்றார்கள், விட்டோம். செய்தித்தாளில் வடை மடிக்காதே, மையில் ஈயம் என்றீர்கள், அதையும் விட்டோம். பொரித்த எண்ணெயில் போலார் சேர்மம் 25 சதவீதம் தாண்டக் கூடாதென்றீர்கள். பெயரைக் கேட்டே மாஸ்டர் பயந்துபோய், முந்தின நாள் எண்ணெயை அடுப்புப் பக்கமே விடுவதில்லை. இவ்வளவும் செய்தோம். மொட்டைத் தலையில் கோட்டை விட்டோம்.

அய்யா, ரசீது எழுதத் தாங்கள் நின்றீர்களே ஒரு கடப்பைக் கல், அதற்கு அடியில் ஓடுவது சாக்கடை. தோண்டிப் போட்டு மூன்று மாதம். கல் நாங்கள் போட்டது. கேட்டதற்கு, “அது நகராட்சி, என் துறை இல்லை” என்றீர்கள். ஈ எந்தத் துறை அய்யா? சாக்கடையில் உட்கார்ந்துவிட்டு வடைக்கு வருகிற ஈ, துறை மாறுவதற்கு மனுப் போட்டுவிட்டா வருகிறது? கையைக் கழுவு, கிளாஸைக் கழுவு, தரையைக் கழுவு என்று பலகை தந்தீர்கள். நாலு நாளைக்கு ஒருமுறை தண்ணீர் விட்டால் எதில் கழுவுவது? தலையை எண்ணத் தெரிந்தவர்களுக்குக் காலடியில் நாறுவது தெரியாதா? வாயில் நல்லா வருகிறது.

மன்னிக்க வேண்டும். பால் பொங்கிவிட்டது, இறக்கி வைத்துவிட்டேன். முடியே இல்லாத தலைக்கு உறை கேட்ட தங்கள் பெரிய மனசு, மூடியே இல்லாத சாக்கடைக்கும் ஒன்று சிபாரிசு செய்தால் புண்ணியமாகப் போகும்.

உத்தரவுப்படி உறை வாங்கியாகிவிட்டது. அந்த வழுவழுப்பில் அது நிற்கத்தான் மாட்டேன் என்கிறது. இன்று காலை நழுவிப் பால் சட்டிக்குள் விழுந்தது. இத்தனை வருடத்தில் மாஸ்டர் தலையிலிருந்து எங்கள் பாலில் விழுந்த ஒரே பொருள் அதுதான்.

தங்கள் பார்வைக்கு அதை அனுப்பி வைக்க ஆசை. எதில் மடித்து அனுப்பலாம் என்பதையும் தாங்களே அருள வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ரசீதைக் கையில் வைத்திருப்பவன்